பிரசவத்துக்குப் பின் மூச்சுத்திணறல்: அசதி என்று விட்டுவிடலாமா?

கேள்வி (வண்டிப்பெரியாறு):
என் தங்கைக்கு எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் 150/100 வரை ஏறி, மாத்திரையால் கட்டுக்குள் வந்து, பிரசவமும் நல்லபடியாக முடிந்தது. குழந்தைக்கு இப்போது இரண்டு மாதம். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தண்ணீர்க் குழாய்வரை நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது, கால்கள் வீங்கியுள்ளன, இரவில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடியே உறங்குகிறாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்கிறார் அம்மா. பொறுத்துப் பார்க்கலாமா?

பதில் (குமுளி, செவிலியர்):
பொறுக்கவே வேண்டாம், சகோதரி. படுத்தால் திணறுவதும் கால் வீங்குவதும் இதயத் தசை பலவீனமடைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கி, பிரசவத்துக்குப் பிந்தைய ஐந்து மாதங்கள்வரை வரக்கூடிய இந்நோய், முன்பு இதயக் கோளாறே இல்லாத பெண்களையும் தாக்கும். கர்ப்பகால இரத்த அழுத்தம் அதற்கான வாய்ப்பைக் கூட்டும். எக்கோ பரிசோதனை (இதய ஸ்கேன்) உள்ள மருத்துவமனைக்கு இன்றே அழைத்துச் செல்லுங்கள். போனதும் முதலில் பிரசவமான விவரத்தைச் சொல்லுங்கள். இல்லையேல் ஆஸ்துமா என்றே எண்ணிவிடக்கூடும். திணறல் அதிகரித்தாலோ மயக்கம் வந்தாலோ 108ஐ அழையுங்கள்.

பதில் (கம்பம்):
டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். தாய்ப்பால் கொடுப்பதைச் சொன்னால், அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த கர்ப்பம் பற்றி இதய மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம் என்பதைத் தங்கையின் கணவரும் நேரில் கேட்கட்டும்.

கேட்டவர்:
ஜீப்புக்குச் சொல்லிவிட்டோம், அம்மாவும் உடன் வருகிறார்.