புதுப்பிப்பு: கிராங்க்கேஸ் அழுத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது

என் வண்டியில் டர்போ பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போதெல்லாம் கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதி அறை) அழுத்தம் கூடி டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மேலே எழும்புகிறது, வால்வு கவர் ஓரத்தில் ஆயில் கசிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பிஸ்டன் ரிங் (சிலிண்டர் வாயு கீழே கசியாமல் அடைக்கும் வளையம்) போயிருக்கும், இன்ஜினைப் பிரித்துவிடுங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். பிரிக்கவில்லை. ரிங் நன்றாகவே இருக்கிறது.

கம்ப்ரஷன் எல்லா சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வந்தது. லீக்-டவுன் டெஸ்ட்டில் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) எதுவும் 10 சதவீதத்தைத் தாண்டவில்லை. அப்புறம் டிப்ஸ்டிக் குழாயில் நீளமான ஹோஸ் மாட்டி, கேபினுக்குள் ஒரு குறைந்த அழுத்த கேஜ் வைத்து ஓட்டினேன். வழி காட்டியது இதுதான். ஐடிலில் முள் லேசாக வேக்குவம் பக்கம் நின்றது. பூஸ்ட் வந்த அதே நொடியில் எதிர்ப்பக்கம் பாய்ந்தது, ஆக்சிலரேட்டரை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது. ரிங் தேய்மானம் இப்படி சுவிட்ச் போட்டமாதிரி வந்துபோகாது.

அதனால் கிராங்க்கேஸிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் (சிலிண்டர்களுக்குக் காற்று பிரித்துக் கொடுக்கும் குழாய்) போகும் பிசிவி வால்வைக் (கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடும் ஒருவழி வால்வு) கழற்றி, மேனிஃபோல்டு பக்கமிருந்து ஊதிப் பார்த்தேன். காற்று தாராளமாகப் போனது. அந்தத் திசையில் அது அடைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கரிப்பிசின் படிந்து வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தது. பூஸ்ட் காற்று நேராக கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கிறது.

புது வால்வு போட்டாயிற்று. முழு பூஸ்டிலும் முள் அசையவில்லை, டிப்ஸ்டிக்கும் எழும்பவில்லை. வால்வு கவர் கேஸ்கெட் மட்டும் இன்னும் கொஞ்சம் கசிகிறது, அதையும் மாற்றப் போகிறேன். இதே தொல்லை இருந்தால் இன்ஜினில் கைவைக்கும் முன் அந்த வால்வை ஊதிப் பாருங்கள்.