கதவில்தான் கோட்டை விட்டேன்

கடையில் கூண்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டதும், சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். வீட்டில் இருந்தது இரண்டு ஜோடி லவ் பேர்ட்ஸ். சரியாகச் சொன்னால் பட்ஜி, ஆஸ்திரேலியாவின் சின்னக் கிளி. நிஜ லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை, நம் ஊரில்தான் இரண்டுக்கும் ஒரே பெயர்.

முதல் தப்பு வலையில். ஒரு அங்குலக் கண் வைத்த வெல்ட் மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, மலிவாகக் கிடைத்தது, பட்ஜி இதில் நுழையாது என்று வாங்கினேன். பட்ஜி நுழையவில்லை, சுண்டெலி நுழைந்தது. தினை தீர்கிற வேகத்தைப் பார்த்து, குருவிகள் நன்றாகச் சாப்பிடுகின்றன என்று ஒரு வாரம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் தட்டில் புழுக்கை கண்ணில் பட்டது.

அதைப் பிரித்துப் போட்டுவிட்டு அரை அங்குலக் கண் வாங்கினேன். இதிலும் எலிக்குட்டி புகுந்துவிடும் என்பதால் ராத்திரி தீவனக் கிண்ணத்தை எடுத்துவிடுகிறேன். 3 அடி அகல ரோலில் ஏழரை அடி வெட்டினால் போதும். அதில் ஆறடியை ஒன்றரை அடிக்கு ஒரு மடிப்பாக ரீப்பர் கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் தட்டி மடக்கினால் நான்கு பக்கமும் வந்துவிடும், மிச்சம் உள்ள ஒன்றரை அடித் துண்டை இரண்டாக்கினால் இரு முனைகளும் மூடிவிடும். ஓரங்களைக் கட்டுக்கம்பியால் முறுக்கினேன். உயரத்தைக் கூட்ட வேண்டாம், பட்ஜி பக்கவாட்டில்தான் பறக்கும், நீளம்தான் முக்கியம். வெட்டிய கம்பி நுனிகளைக் குறுக்குக் கம்பியை ஒட்டி நறுக்கி அரம் போட்டுவிடுங்கள்; நான் சோம்பல்பட்டு விட்ட ஒரு நுனி, தண்ணீர் வைக்கப் போன என் புறங்கையைக் கிழித்தது. குருவியின் கண்ணாக இருந்திருந்தால்?

இன்னொன்று, இந்த வலை ஜிஐ கம்பி, அதாவது துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்புக் கம்பி. பட்ஜிக்குக் கம்பியைக் கடிப்பதுதான் முழுநேர வேலை, அந்தப் பூச்சு வயிற்றுக்குள் போனால் விஷம். வெள்ளைப் பொடியும் துருத்திய சொட்டுகளும் போகும்வரை வினிகர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி வெயிலில் காயவைத்தேன். உட்காரக் கொய்யாக் குச்சி, கொத்த ஒரு துண்டு கடல் நுரை, அதாவது கணவாய் ஓடு.

பக்கத்து வீட்டுப் பையன் தான் பிடித்த சில்லைக் குருவிகளையும் இதில் விடலாமா என்று கேட்டான். நம் நாட்டுக் காட்டுப் பறவையைக் கூண்டில் அடைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விட்டுவிடச் சொல்லி அனுப்பினேன்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தவன் கதவை மட்டும் மேலே தூக்கித் திறக்கிற மாதிரி வைத்துவிட்டேன், கீழே விட்டால் தானே மூடிக்கொள்ளும் என்ற தைரியம். மூன்றாம் நாள் டீ குடித்துக்கொண்டே பார்க்கிறேன், நீலப் பெட்டை அலகைக் கதவுக்கு அடியில் கொடுத்துத் தூக்குகிறது, நழுவி டக்கென்று விழுகிறது, மறுபடி தூக்குகிறது. நான்காவது தடவை தலையை நுழைத்து, கதவை முதுகில் தாங்கிக்கொண்டே வெளியே வந்துவிட்டது. நான் டம்ளரை வைப்பதற்குள் முருங்கை மரத்தில். கூண்டோடு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன், உள்ளே ஆண் கத்திய கத்தலுக்கு மதியத்துக்குமேல் மதில்வரை இறங்கி வந்தது, துண்டைப் போட்டுப் பிடித்தேன். அதுவரை காக்காய் எதுவும் பார்க்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது கதவில் நாய்ச் சங்கிலிக் கொக்கி போட்டிருக்கிறேன். ஆனாலும் அது தினமும் காலையில் தினை வைப்பதற்கு முன் கதவோரம் வந்து ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது.