மூடிய ஆலை நிலம்: தோண்டி எடுப்பதா, மூடிவிட்டுக் கட்டுவதா?

மண்வெட்டி: பழைய ஆலை நிலம்னாலே நஞ்சேறின மண்ணைக் கடைசிப் பிடிவரை அள்ளித்தான் தீரணும்னு இங்கே பலர் சொல்றீங்க. எதுக்கு? வரப்போறது கிடங்கு. மேலே களிமண், அதுக்கு மேலே கான்கிரீட் போட்டா போதும். நஞ்சு மனுஷன் உடம்புக்குள்ள போக வழி இருந்தாத்தான் ஆபத்து. வழியை அடைச்சாச்சுன்னா வேலை முடிஞ்சது.

நிலத்தடி: எத்தனை வருஷத்துக்கு அடைச்சு வைப்பீங்க? அமெரிக்காவில் லவ் கெனால்னு ஒரு இடம். 1942-லிருந்து 1953 வரை சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவை ஒரு பழைய கால்வாயில் புதைச்சு, களிமண்ணால் மூடி, நிலத்தை 1 டாலருக்குப் பள்ளி வாரியத்துக்குக் கொடுத்தது ஹூக்கர் கம்பெனி. கழிவு இருக்குன்னு பத்திரத்திலேயே எழுதியிருந்தது! பள்ளிக்கூடம் வந்தது, சுத்தி வீடுகள் வந்தது, கட்டுமானத்துக்குத் தோண்டினதில் மூடியே கிழிஞ்சது. 1978-ல் அவசரநிலை அறிவிச்சு ஜனங்களைக் காலி பண்ணாங்க. ரெண்டு கை மாறினப்புறம் பத்திரத்தை யார் படிக்கிறா?

மண்வெட்டி: பாதிக் கதையோட நிறுத்திட்டீங்களே. அதுக்கப்புறம் அந்தக் கால்வாயைத் தோண்டினாங்களா? இல்லை. இன்னும் நல்லா மூடி, கசியற நீரைப் பிடிக்க வடிகால் போட்டாங்க. கழிவு இன்னைக்கும் அங்கேதான் இருக்கு.

நிலத்தடி: இருக்கு, வேலிக்குள்ள! அந்த மூடிமேல யாரும் கட்டிடம் கட்டலை. நீங்க கட்டச் சொல்றீங்க.

மண்வெட்டி: சரி, அள்ளின மண்ணை எங்கே கொட்டுவீங்க? போபால் ஆலையிலிருந்து 337 டன் கழிவை 2025 ஜனவரியில் பீதாம்பூருக்கு ஏத்தினப்போ அந்த ஊர்க்காரங்க தெருவுக்கு வந்தாங்க. உங்க ஊர் சுத்தமாக இன்னொரு ஊர் தலையில் கட்டறதா?

நிலத்தடி: கொட்டவே வேண்டாம், கழுவலாம். லண்டன் ஒலிம்பிக் பூங்கா பழைய தொழிற்சாலை நிலம்தான். தோண்டின மண்ணை அங்கேயே வச்சுக் கழுவி, 80 சதவீதத்துக்கு மேல திரும்பப் பயன்படுத்தினாங்க. நஞ்சு பெரும்பாலும் நுண்துகளில்தான் ஒட்டும். சரளையையும் மணலையும் பிரிச்சுட்டா மிச்சம் நிக்கறது கொஞ்சம் சேறு. அதை மட்டும் தனியாப் பார்த்துக்கலாம்.

மண்வெட்டி: மணல் பாங்கான நிலத்துக்கு அது ஓடும். களிமண் நிலத்தில் எதைப் பிரிப்பீங்க? மொத்தமும் நுண்துகள்தானே!

சல்லடை: ரெண்டு பேரும் மண்ணிலேயே நிக்கறீங்க. உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற ட்ரைகுளோரோஎத்திலீன் தண்ணியைவிடக் கனம். நிலத்தடி நீருக்குள்ள மூழ்கி அடியில் போய் உட்காரும். அங்கிருந்து ஆவியாகி, தரை விரிசல் வழியா அறைக்குள்ள ஏறும். மண்வெட்டி சார், வெறும் கான்கிரீட் அதைத் தடுக்காது. அடியில் ஆவித்தடுப்பு விரிப்பும், காற்றை இழுத்து வெளியே விட குழாயும் வேணும்.

மண்வெட்டி: ஒத்துக்கறேன், அதையும் செலவில் சேர்க்கலாம். அப்பவும் தோண்டறதைவிடக் குறைவுதான்.

நிலத்தடி: நஞ்சு நிலத்தடி நீருக்குப் பரவுதான்னு பார்க்கத் தோண்டற கண்காணிப்புக் கிணறுகளில் வருஷாவருஷம் மாதிரி எடுக்கற செலவையும் சேர்த்தீங்களா? கம்பெனி கைமாறினா அதை யார் கட்டுவா? அந்தப் பணத்தை முன்கூட்டியே டெபாசிட் கட்டினாத்தான் கட்டிட அனுமதின்னு வைங்க. அப்புறம் எது மலிவுன்னு பேசலாம்.