பார்ம்.டி. மாணவருக்கு அமெரிக்காவில் 3 மாத கிளினிக்கல் ரிசர்ச் பயிற்சி: விசா, ஐஆர்பி, காலக்கணக்கு

மருந்தியல்_மதுரை (கேள்வி)
பார்ம்.டி. (ஆறு ஆண்டு மருந்தியல் படிப்பு) நான்காம் ஆண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் பேராசிரியர், 3 மாத கிளினிக்கல் ரிசர்ச் பயிற்சிக்கு மெயிலில் சம்மதம் சொல்லியிருக்கிறார். சம்பளம் கிடையாது. அடுத்து என்ன செய்யணும்? ஆறாம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பில் இதைச் சேர்க்க முடியுமா? நோயாளிகளிடம் பேச விடுவார்களா?

கோப்பு_கந்தன்
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விட மாட்டார்கள். படிக்கும்போதே போகிறவர்களுக்குப் பொருந்துவது ஜே-1 (பரிமாற்றப் பயணிகளுக்கான அமெரிக்க விசா) விசாவின் 'ஸ்டூடன்ட் இன்டர்ன்' பிரிவு. நோயாளித் தொடர்புள்ள வேலை கூடாது என்று அதன் விதியே சொல்கிறது. கேஸ் ரெக்கார்டிலிருந்து தரவு எடுப்பது, ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு மென்பொருளில் ஏற்றுவது, அலசி எழுதுவது, இவ்வளவுதான்.

மெயிலை மட்டும் வைத்து விசா கேட்க முடியாது. பேராசிரியரின் துறை, அங்குள்ள சர்வதேச அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஜே-1 விசா கேட்கத் தேவையான டிஎஸ்-2019 படிவத்தைத் தருவது அவர்கள்தான். அதற்கு முன் டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டம் வேண்டும்: வாரம் குறைந்தது 32 மணி நேரம், எழுத்தர் வேலை 20 சதவீதத்துக்குள். "ஆய்வில் உதவுவார்" என்று ஒற்றை வரி எழுதினால் திரும்பி வரும். என்ன கற்பீர்கள், யார் மதிப்பிடுவார் என்று விவரமாக இருக்கட்டும். பயிற்சி படிப்புக்குத் தொடர்புடையது என்று கல்லூரி முதல்வரின் கடிதம், செலவுக்கான பேங்க் ஆதாரம், செவிஸ் (அயல்நாட்டு மாணவர், பரிமாற்றப் பயணிகள் பதிவு) கட்டணம் 220 டாலர், இவையும் வேண்டும்.

காப்பீட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்கு 1,00,000 டாலர் கவரேஜ் கட்டாயம். 50,000 டாலர் டிராவல் பாலிசி செல்லாது.

நெறிக்குழு
விசா கிடைத்தாலும் 3 மாதத்தைத் தின்பது ஐஆர்பி, அதாவது மனித ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிக்குழு. புதிய புரோட்டோகாலுக்கு (ஆய்வுத் திட்டத்துக்கு) அனுமதி வாங்குவதற்குள் பாதிக் காலம் போய்விடும். "ஏற்கெனவே ஒப்புதலான ஆய்வில் என் பெயரைச் சேர்க்க முடியுமா?" என்று இப்போதே கேளுங்கள். சிட்டி புரோகிராம் என்ற ஆன்லைன் பயிற்சியில் மனித ஆய்வு நெறி, ஜிசிபி (நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை) பாடங்களை ஊரிலிருந்தே முடிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்தோடு கணக்கை இணைத்த பிறகு தொடங்குங்கள்.

இன்னொன்று, காசநோய் சோதனை. பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட நமக்குத் தோல் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். அப்புறம் எக்ஸ்ரே, விளக்கக் கடிதம் என்று இழுக்கும். ரத்தத்தில் செய்யும் இக்ரா சோதனைக்கு பிசிஜியால் பாதிப்பில்லை, அதை ஏற்பார்களா என்று கேளுங்கள். அம்மை வகைகள், ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி ரிப்போர்ட்டும் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி அளவு 10 mIU/mL-க்குக் கீழே இருந்தால் பூஸ்டர்.

வார்டு_ரவுண்ட்ஸ்
ஆறாம் ஆண்டு வேண்டாம். பொது மருத்துவத்தில் 6 மாதம், மூன்று சிறப்புத் துறைகளில் தலா 2 மாதம் என்று 12 மாதமும் நிரம்பியிருக்கிறது. ஐந்தாம் ஆண்டு புராஜெக்ட்டோடு கோர்ப்பதே தோது. கல்லூரி அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

பட்டம் வாங்கியபின் போனால் ஜே-1 விசாவின் 'ரிசர்ச் ஸ்காலர்' பிரிவு. அதை 3 மாதத்துக்கு வீணாக்காதீர்கள். ஒருமுறை முடித்துத் திரும்பினால் 24 மாதம் அதே பிரிவில் நுழைய முடியாது.

மருந்தியல்_மதுரை
நன்றி. டூரிஸ்ட் விசாவிலேயே வந்தால் போதும் என்கிறாரே பேராசிரியர்?

கோப்பு_கந்தன்
ஓரமாக நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப்பை நினைத்துச் சொல்லியிருப்பார். நீங்கள் தரவில் கை வைக்கப் போகிறீர்கள், அது வேறு. விசா விஷயத்தில் அவர் வாய்வார்த்தை எடுபடாது. எந்தப் பிரிவு என்று சர்வதேச அலுவலகத்திடமிருந்து மெயில் வரட்டும், அதுவரை டிக்கெட் போடாதீர்கள்.