பியூர் பிளாங் சாஸ் சர்வீஸ் நடுவில் பிரிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் செஃப் நண்பர்களே. 40 இருக்கை, இரவு 7:30 முதல் 10:30 வரை சர்வீஸ். மீனுக்கான பியூர் பிளாங் (வற்றவைத்த ஒயினில் வெண்ணெய் அடித்துச் செய்யும் பிரெஞ்சு சாஸ்) 9 மணிக்கு மேல் பிரிந்து, உருகிய வெண்ணெய் தனியாக மிதக்கிறது.

அளவு இது: ஒயிட் ஒயின் 150 மில்லி, ஒயிட் ஒயின் வினிகர் 50 மில்லி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 40 கிராம். இரண்டு மேசைக்கரண்டி மிஞ்சும்வரை வற்றவைத்து, சிறுதீயில் குளிர்ந்த, உப்பில்லாத வெண்ணெய் 250 கிராமைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடிக்கிறோம். செய்தவுடன் பளபளவென்று சரியாகத்தான் இருக்கிறது. வைத்திருப்பதில்தான் சிக்கல்.

சுமார் 58 டிகிரியைத் தாண்டினால் கொழுப்பு பிரியும். ரொம்ப ஆறினால் வெண்ணெய் உறைந்து, திரும்பச் சூடாக்கும்போது பிரியும். பேன்மரியில் (பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடு காக்கும் தொட்டி) 50-55 டிகிரி வைக்கிறோம். ஆனால் அடுப்புப் பக்கம் இருக்கும் ஓரம் அதைவிடச் சூடாகிறது. மூடி திறந்தே கிடப்பதால் நீரும் ஆவியாகி, சாஸ் கெட்டிப்படுகிறது.

30 மில்லி கிரீம் சேர்த்தால் நிற்கிறது, ஆனால் புளிப்பு மழுங்கிவிடுகிறது. அதற்குக் குறைவாகச் சேர்த்துச் சமாளிப்பவர்கள் உண்டா? சாந்தன் கம் (சாஸைக் கெட்டியாக்கிப் பிரியாமல் வைக்கும் பொடி) 0.1 சதவீதம் போட்டால் வழவழப்பு தெரியுமா? அகலவாய் தெர்மாஸ் பிளாஸ்க் மூன்று மணி நேரம் தாங்குமா?

பிரிந்ததை ஒரு கரண்டி வெந்நீரில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து மீட்கலாம், தெரியும். ஆர்டர் சீட்டு வரிசைகட்டி நிற்கும்போது அதற்குக் கை ஏது?