புதுப்பிப்பு: பிக்கப் சேசிஸின் மேல் அம்பாசிடர் பாடி

அப்பா வைத்திருந்த அம்பாசிடரின் பாடியைப் பழைய பொலேரோ பிக்கப்பின் சேசிஸில் (சக்கரங்களும் என்ஜினும் பொருத்தப்படும் அடிச்சட்டம், அதாவது ஃபிரேம்) ஏற்ற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அக்கறையோடு பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

தச்சநல்லூர்ப் பட்டறையில் வேலை தொடங்கிவிட்டது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்த இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத் தகடும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதிகளும் கூரையும் சேர்ந்தே எடையைத் தாங்குகின்றன. ஆகவே, பிக்கப்பின் ஃபிரேமுக்கு இடம்விடத் தரையை வெட்டும் முன், கதவு வாசல்களில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்யாவிட்டால், கூடு தொய்ந்து கதவுகள் பிறகு பொருந்தாமல் போய்விடும். மேஸ்திரி அண்ணாச்சி இதில் மிகவும் கண்டிப்பானவர். ஓட்டுநர் பக்கக் கதவின் அடியில் அவர் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தியதும் பெயின்ட் உரிந்து துருத்தூள் கொட்டியது. அந்தப் பகுதி முழுவதையும் புதுத் தகட்டில் செய்கிறோம். அம்பாசிடரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 2464 மி.மீ.; பிக்கப்புக்கு அதைவிட அரை மீட்டருக்கும் மேல் நீளம் என்பதால், ஃபிரேமின் நீளத்தையும், என்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் குறைத்தாக வேண்டும்.

பெரிய தடை சட்டம்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், அதற்கு 2019இல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கமும், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க இடம் தருவதில்லை. எனவே இந்த வண்டி அம்பாசமுத்திரம் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்துக்குள் மட்டுமே ஓடும்.