சொந்தப் பாட்டோட வரியே பாடகருக்கு மேடையில மறக்குமா?

மாட்டுத்தாவணி மைனர்:
போன வாரம் எங்க ஏரியா கோயில் திருவிழாவுல ஆர்கெஸ்ட்ரா. வந்தவர் டிவில எல்லாம் வர்ற பாடகர், பேர் வேணாம். அவரே சினிமாவுல பாடுன பாட்டு, ரெண்டாவது சரணத்துக்கு முதல் சரணத்தையே திரும்ப எடுத்துட்டார், நடுவுல ம்ம்ம்னு இழுத்துட்டு மைக்க எங்க பக்கம் நீட்டிட்டார், ஜனங்கதான் கத்திப் பாடி ஒப்பேத்துனாங்க. இத்தனைக்கும் முன்னாடி ஐபேட் இருக்கு! கோவம்லாம் இல்ல, நமக்கே மனப்பாடமா இருக்கற பாட்டு பாடுன ஆளுக்கு எப்படிங்க மறக்கும்? சிலர் வேணும்னே வரிய மாத்துறாங்களே, அது வேற கதையா?

கீபோர்ட் குமாரு:
நான் ட்ரூப்ல கீபோர்ட் வாசிக்கறவன். நீங்க அந்தப் பாட்ட ஆயிரம் தடவ கேட்டிருப்பீங்க ப்ரோ, அவர் முழுசா ஒரு தடவயாவது பாடியிருப்பாரான்னே சந்தேகம். இப்ப ரெக்கார்டிங்ல வரி வரியா பஞ்ச் பண்றாங்க, ஒரு வரி ஓகே ஆனா அடுத்த வரி, பல்லவிய ஒரு தடவ பாடுனா அதையே எல்லா எடத்துலயும் ஒட்டிக்குவாங்க, வேலை முடிஞ்சா கெளம்பிடுவார். அந்தக் காலத்துல மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரே ஹால்ல உக்காந்து ஒரே டேக், ஒருத்தர் சொதப்புனா எல்லாருக்கும் மறுபடி முதல்லேர்ந்து. பாட்டு மண்டையில ஏறாம எங்க போகும்?

சரணம் மாறுறதுக்குக் காரணம் சிம்பிள், பெரும்பாலும் ரெண்டுக்கும் ஒரே மெட்டு. முதல் வார்த்தை தப்பா விழுந்தா மிச்சம் தானா அது பின்னாடியே வந்துடும். முன்னல்லாம் பாடகர் முழிச்சா நாங்க பிஜிஎம்ம ரெண்டு சுத்து கூட ஓட்டுவோம், அவர் தலைய ஆட்டுனதும் விட்டுடுவோம். இப்ப பாதி ஷோல லேப்டாப்ல முன்னாடியே ரெக்கார்ட் பண்ண ட்ராக் ஓடுது, காதுல தாளத்துக்கு க்ளிக் சத்தம் அடிச்சுட்டே இருக்கும், அது யாருக்காகவும் நிக்காது. மைக்க நீட்டாம வேற என்ன பண்ணுவார்?

சபா கேன்டீன்:
கர்நாடக கச்சேரில இத நைசா பண்ணுவாங்க. அனுபல்லவியையே இன்னொரு சங்கதி போட்டு, அதாவது அதே வரிய வேற விதமா வளைச்சு, திரும்பப் பாடுவார், நாம ஆஹான்னு தலைய ஆட்டிட்டு இருப்போம், அவர் உள்ளுக்குள்ள சரணத்தோட முதல் வார்த்தைய தேடிட்டு இருப்பார். பின்னாடி தம்புரா வெச்சுட்டு இருக்கற சிஷ்யப் பொண்ணு மெதுவா எடுத்துக் குடுக்கும். முன் வரிசையில உக்காந்தா காதுல விழும். மேடையில ஐபேட் வைக்கலாமான்னு மாமாக்கள் டிசம்பர் சீசன் பூரா சண்டை போடுவாங்க, எனக்கு அதுல ஆட்சேபணை இல்ல, ஆனா ராகம் பாடறப்பவும் அதையே பாத்துட்டு இருந்தா கடுப்பாகுது.

ஜாஸ் பைத்தியம்:
மறந்ததுக்கே கிராமி வாங்குன கதை தெரியுமா? 1960 பிப்ரவரி, பெர்லின், அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 'மேக் த நைஃப்'ங்கற பாட்ட பாடறாங்க. வரி ஞாபகம் இருக்கும்னு நம்புவோம்னு முன்கூட்டியே சொல்லிட்டுதான் ஆரம்பிக்கறாங்க, நடுவுல சுத்தமா போயிடுச்சு. நிறுத்தவே இல்லயே, மறந்து போனதையே மெட்டுக்குள்ள வரியாக்கி, இன்னொரு ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கோட கரகர குரல்ல மிமிக்ரி வேற. அதுவும் 1928ல அதே பெர்லின்ல அரங்கேறுன நாடகத்தோட பாட்டு.

வேணும்னே மாத்துறதுக்கு ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. 1969 லாஸ் வேகாஸ்ல ஒரு சோகப் பாட்டுல திடீர்னு வழுக்கத் தலைய பத்தி வரி போட்டுட்டு, அவருக்கே சிரிப்பு அடங்கல. பின்னாடி கோரஸ் அம்மா மட்டும் அசராம உச்சஸ்தாயில பாடிட்டே இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

வரி வசூல்:
எந்தப் பாட்டுங்கறதும் இருக்குல்ல. 2024 அக்டோபர்ல சென்னை தூர்தர்ஷன் விழாவுல தமிழ்த்தாய் வாழ்த்துல திராவிடநல் திருநாடு வர்ற வரி விட்டுப்போச்சு, எவ்ளோ பெரிய ரகளை, கடைசில தூர்தர்ஷன் மன்னிப்பு கேட்டாங்க. ஒரே வாரத்துல துணை முதல்வர் விழாவுலயும் பிசகி, ரெண்டாவது தடவ பாட வெச்சாங்க. அங்கல்லாம் மைக்க நீட்டித் தப்பிக்க முடியாது 😄

மாட்டுத்தாவணி மைனர்:
@கீபோர்ட் குமாரு அண்ணா, ஐபேட்ல வரி தானா நகர்ற மாதிரி செட் பண்ண முடியாதா?

கீபோர்ட் குமாரு:
முடியும், ஆனா பாடகர் நடுவுல "கைதட்டல் பத்தலயே"ன்னு பேச ஆரம்பிச்சா அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும், அப்புறம் எந்த வரின்னு தேடணும். நான் பாத்த வரைக்கும் நோட்டுல கையால பெருசா எழுதிட்டு வர்றவங்கதான் கம்மியா தடுமாறுவாங்க, எழுதறப்பவே பாதி ஏறிடுது.